பெருவாள் வாங்குமுன்

மரம் நடுவோரை நாம் மேடையேற்றி மாலை சூட்டிப் போற்றுகின்றோம். அது தகும். ஆயின், பட்டுப்போன மரத்தையும், வீட்டுக் கூரையின்மேற் சாய்ந்து நிற்கும் மரத்தையும், புயலில் வீழ்ந்து தெருவை மறித்துக் கிடக்கும் மரத்தையும் அகற்ற வருகின்ற மனிதனை நம்மில் எத்தனைபேர் நினைக்கின்றோம்? 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை அப்பகுதி முதியோர் இன்றும் மறந்திலர். 2023ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆந் திகதி கொழும்பு, கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸொன்றின்மேற் பெருமரமொன்று வீழ்ந்து ஐவர் உயிரிழந்தனர். இத்தகைய வேளைகளில் முதலில் வேண்டப்படுபவன் மரந்தறிக்கத் தெரிந்தவனே. அவன் கையில் வேண்டப்படுவது நல்லதொரு வாள்.

இன்று நம் ஊர்களில் மரந்தறித்தல் இளைஞர் பலர்க்குச் சோறு போடும் தொழிலாகிவிட்டது. சிறிய வாளொன்றுடன் தொடங்கியவன் சில ஆண்டுகளில் பெரிய வாளொன்று வாங்க எண்ணுகின்றான். அப்பொழுது வீட்டில் ஆலோசனை நடைபெறுகின்றது. தாயின் சங்கிலியோ மனைவியின் காப்போ அடைவுக்குப் போகின்றது. வாளைப் பிடிப்பவன் ஒருவனே எனினும், அதனை வாங்குவது குடும்பம். அதனால் வரும் நன்மையும் தீமையும் குடும்பத்துக்கே. ஆதலால், பெருவாளொன்றைத் தெரிவு செய்யும்போது எவற்றை ஆராய்தல் வேண்டும் என்பதைக் குடும்பத்தவர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

ஈண்டு நாம் 'பெருவாள்' என்பது, பெற்றோலில் இயங்குஞ் சங்கிலி வாள்களுள், எஞ்சினின் கனவளவு ஏறத்தாழ 70 கனசென்ரிமீற்றரும் அதற்கு மேலும் உள்ளவற்றையாம். ஊரில் இவற்றைச் 'செயின் சோ' என்றும் 'மெசின் வாள்' என்றும் வழங்குவர். விறகு தறிக்கவும் வேலிக் கதியால் வெட்டவும் உதவுஞ் சிறு வாள்களைப்பற்றி இங்கு நாம் பேசவில்லை.

வாள் வந்த வழி

இவ்வாளின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது தெரிவுக்கும் உதவும். 1926ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் அன்றேயாஸ் ஸ்டில் என்னும் பொறியியலாளர் மின்சாரத்தால் இயங்குஞ் சங்கிலி வாளொன்றை ஆக்கினார். அதன் நிறை 64 கிலோகிராம். இருவர் பிடித்தாலன்றி அதனை இயக்க இயலாது. 1929இல் அவர் செய்த பெற்றோல் வாள் 46 கிலோகிராம் இருந்தது. 1950இலேதான் அவருடைய நிறுவனம் ஒருவரே தூக்கி இயக்கக்கூடிய வாளை வெளியிட்டது. 1959இல் 'கொன்ரா' என்ற பெயரில் வந்த வாள் 12 கிலோகிராம் நிறையும் 6 பரிவலுவும் உடையது. இன்று அதே நிறுவனத்தின் வாளொன்று, பாரும் சங்கிலியும் நீங்கலாக, 6.2 கிலோகிராம் நிறையுடன் அதனினுங் கூடிய வலுவைத் தருகின்றது. நூறு ஆண்டு காலமாகப் பொறியியலாளர் பாடுபட்டது வலுவைக் கூட்டுவதற்கு மட்டுமன்று, பாரத்தைக் குறைப்பதற்குமாம். கடைக்குச் செல்லும் இளைஞன் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்திற் சங்கிலியின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்று மரத்தைச் சுரண்டின, விரைவில் மழுங்கின. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரந்தறிக்குந் தொழில் செய்த ஜோசப் பூபோட் கொக்ஸ் என்பவர், அடிக்கட்டை ஒன்றினுள் வண்டின் புழு வழி குடைந்து செல்வதைக் கூர்ந்து நோக்கினார். புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவிச் சென்றது. அவ்வாறே இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகச் சீவும் பற்களை அமைத்து 1947இல் அவர் புதிய சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. இன்று ஊரில் ஓடும் வாள்களின் பல்லைப் பார்க்கும் மாணவர் அந்தப் புழுவின் தாடையையே பார்க்கின்றனர் எனலாம்.

முதலில் மரத்தை அளக்க

வாள் வாங்கப் புறப்படுபவன் முதலில் அளக்கவேண்டியது வாளையன்று, தான் தறிக்கும் மரங்களையே. வெட்டும் உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கயிறொன்றைப் பிடித்துச் சுற்றளவை அறிக. சுற்றளவை 22/7 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். 88 அங்குலச் சுற்றளவுள்ள புளியமரத்தின் விட்டம் 28 அங்குலம். வீட்டிற் படிக்கும் பிள்ளையிடங் கொடுத்தால் இக்கணக்கை மகிழ்ச்சியுடன் செய்து தருவான்.

சங்கிலி சுற்றியோடும் நீண்ட தகட்டைத் தொழிலாளர் 'பார்' என்பர். மரத்தை ஒரு பக்கத்தில் நின்றே அறுத்து முடிப்பதாயின் பார் விட்டத்தினுஞ் சற்று நீண்டிருத்தல் வேண்டும். ஆனால், பழகிய தொழிலாளி இருபக்கமும் மாறி நின்று, பாரின் நீளத்தைப்போல இருமடங்கிற்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள மரத்தையும் அறுத்துவிடுவான். 20 அங்குலப் பாரால் 36 அங்குல மரத்தை அறுத்தல் கூடும். ஆகவே, '36 அங்குல மரம் இருக்கின்றது. 36 அங்குலப் பாரே வேண்டும்' என்பது சரியான வாதமன்று.

பாரை நீட்டுவது எளிது. நீட்டிய பாரை ஓட்டுவது எளிதன்று. பார் நீள நீள, ஒரே நேரத்தில் மரத்தைக் கடிக்கும் பற்களின் தொகை கூடுகின்றது. அத்தனை பற்களையும் இழுக்கும் வலு எஞ்சினுக்கு இல்லையாயின் சங்கிலி மந்தமாகும், எஞ்சின் சூடேறும், தொழிலாளி வாளை மரத்தின்மேல் அழுத்துவான், வாளும் கெடும், ஆளும் களைப்பான். எனவே, பாரும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று ஒத்திருத்தல் வேண்டும். பொதுவாக 70 முதல் 80 கனசென்ரிமீற்றர் எஞ்சினுக்கு 20 முதல் 28 அங்குலப் பாரும், 90ஐ அண்டிய எஞ்சினுக்கு 25 முதல் 36 அங்குலப் பாரும் பொருந்தும். 120ஐ அண்டிய எஞ்சின் அதற்கும் மேற்பட்ட பெருமரங்களுக்கும், கிடத்திய மரத்தை நீளவாக்கிற் பலகையாக அரிவதற்கும் உரியது.

எடுத்துக்காட்டாகச் சில வாள்களின் அளவுகளை நோக்குவோம். இங்கே தரும் நிறைகள் யாவும் பாரும் சங்கிலியும் நீங்கலானவை. ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 500 ஐ என்னும் வாள் 79.2 கனசென்ரிமீற்றர், வலு 5 கிலோவாற்று, நிறை 6.2 கிலோகிராம். பெற்றோலை மின்னணு முறையிற் பீச்சும் முதற் சங்கிலி வாள் இதுவே. அதே நிறுவனத்தின் எம்.எஸ். 661, 91.1 கனசென்ரிமீற்றர், 5.4 கிலோவாற்று, 7.4 கிலோகிராம். சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 395 எக்ஸ்.பி., 93.6 கனசென்ரிமீற்றர், 4.9 கிலோவாற்று, 7.9 கிலோகிராம். அந்நிறுவனத்தின் 3120 எக்ஸ்.பி., 118.8 கனசென்ரிமீற்றர், 6.2 கிலோவாற்று, 10.4 கிலோகிராம்.

இவ்வெண்களை வைத்து ஒரு சிறு கணக்குச் செய்வோம். நிறையை வலுவால் வகுத்தால், ஒரு கிலோவாற்று வலுவுக்காக எத்தனை கிலோகிராம் சுமக்கின்றோம் என்பது தெரியவரும். முதல் வாளில் அது 1.24, இரண்டாவதில் 1.37, மூன்றாவதில் 1.61, நான்காவதில் 1.68. நான்காவது வாள் முதலாவதினும் ஏறத்தாழக் காற்பங்கு கூடிய வலுவையே தருகின்றது. சுமையோ மூன்றில் இரண்டு பங்கு கூடுகின்றது. 'பெரிது' என்ற சொல்லுக்குள் இந்த விலையும் அடங்கியிருக்கின்றது.

மரத்தின் இனத்தையும் கருதுதல் வேண்டும். பாலை, முதிர்ந்த புளி, வைரம் பாய்ந்த வேம்பு ஆகியன பல்லுக்குக் கடினமானவை. பனையின் வெளிப்புறம் இரும்பைப்போன்றது, உட்புறமோ சோற்றி. தென்னையும் பனையும் பெரும் விட்டமுள்ளவையல்ல; ஆயினுஞ் சங்கிலியை விரைவில் மழுங்கச் செய்வன. இவற்றுக்கு வேண்டுவது நீண்ட பாரன்று. கூரிய சங்கிலியும், அதனைத் தளராது இழுக்கும் எஞ்சினுமே.

மாணவர் ஒருவரின் கணக்கு

நம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளாக இத்தொழிலில் ஈடுபட்டிருக்கின்றார். 120 கனசென்ரிமீற்றர் வாளொன்றை நீண்ட பாருடன் வாங்க விரும்பி, தாயாரின் நகையை அடைவு வைக்க ஒழுங்கு செய்தபின் நம்மைக் காண வந்தார். நகைக்காரியாகிய தாயாரே, "வாத்தியாரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போ" என்று அனுப்பியிருந்தார்.

"சேர், இதைவிடப் பெரிய வாள் இல்லையாம். இது கையில் இருந்தால்தான் பெரிய வேலைக்குக் கூப்பிடுவார்கள்" என்றார் அவர்.

"தம்பி, கடந்த மூன்று மாதமும் நீர் தறித்த மரங்களின் சுற்றளவை நினைவுள்ளவரையில் எழுதிக்கொண்டு வாரும், பிறகு பேசுவோம்" என்றோம்.

இரண்டு நாளில் எழுதி வந்தார். விட்டமாக மாற்றிப் பார்த்தபொழுது, பெரும்பாலானவை 20 அங்குலத்துக்கு உட்பட்ட தென்னையும் வேம்பும் மாவுமாக இருந்தன. 30 அங்குலத்தைத் தாண்டியவை இரண்டே. ஒன்று கோயில் வீதியில் நின்று பட்டுப்போன புளி, மற்றது பாடசாலை வளவில் நின்ற மலைவேம்பு. அவ்விரண்டையும் கூட, இருபக்கமும் நின்று 25 அங்குலப் பாரால் அறுத்திருக்கலாம். அந்த இரண்டு மரங்களுக்காக நாள்தோறும் 10 கிலோகிராம் எஞ்சினைச் சுமப்பதா என்று கேட்டோம். அவர் சிறிதுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவில் 80 கனசென்ரிமீற்றருக்கு அண்மித்த வாளொன்றையும், 20 அங்குலம் ஒன்றும் 25 அங்குலம் ஒன்றுமாக இரண்டு பார்களையும் வாங்கினார். மிஞ்சிய பணத்திற் காற்சட்டை, சப்பாத்து, தலைக்கவசம் ஆகியவற்றையும் வாங்கினார். தாயாரின் நகையில் ஒரு பகுதி வீட்டிலேயே தங்கியது. இது எல்லோருக்கும் பொருந்தும் விடையன்று. மரக்காலைக்குப் பெருமரங்களை அறுத்துக் கொடுப்பவனுக்கு 120 கனசென்ரிமீற்றரே சரியாகலாம். விடை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால், மரங்களை எழுதிப் பார்க்கும் முறை யாவர்க்கும் ஒன்றே.

சுமையும் அதிர்வும் ஓசையும்

கடையில் வாளைத் தூக்கிப் பார்ப்பவர் பெரும்பாலும் வெறும் எஞ்சினையே தூக்கிப் பார்க்கின்றனர். 10 கிலோகிராம் எஞ்சினுடன் 36 அங்குலப் பாரும், பாரிய சங்கிலியும், நிறைந்த பெற்றோலும் எண்ணெயும் சேர்ந்தால் 13, 14 கிலோகிராம் ஆகிவிடும். 6.2 கிலோகிராம் எஞ்சினும் 25 அங்குலப் பாரும் சேர்ந்தால் அது 9 கிலோகிராமுக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். இவ்வேறுபாடு காலையிற் பெரிதாகத் தோன்றாது. பிற்பகல் மூன்று மணிக்கு, வெயிலில், கால் வழுக்கும் இடத்தில் நின்று கடைசி வெட்டை வெட்டும்பொழுதே தோன்றும். விபத்தும் அவ்வேளையைப் பார்த்தே வருகின்றது.

அதிர்வின் தீமை கண்ணுக்குத் தெரியாதது. பல ஆண்டுகள் அதிரும் வாளைப் பிடித்தவர்களின் விரல்களில் இரத்தவோட்டமும் நரம்பும் பாதிக்கப்படும். விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். பொத்தான் பூட்டவும் முடியாத நிலை வரும். முற்றிய பின் இதனை மாற்றுவது அரிது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் தொழிலாளர் கைக்கு ஏறும் அதிர்வுக்கு அளவு வகுத்தது. எட்டு மணிநேர வேலைக்குச் சராசரியாக, விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீற்றரை எட்டினால் தொழில் கொடுப்போர் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். 5 மீற்றரை மீறுதல் ஆகாது. பிடியில் 5 என்ற அளவில் அதிரும் வாளை இரண்டு மணிநேரம் பிடித்தாலே அந்த முதலாம் எல்லை வந்துவிடும். வாளுடன் வரும் கைந்நூலில் இவ்வதிர்வின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாங்குமுன் அதனைக் கேட்டுப் பார்த்து, ஒத்த வலுவுள்ள வாள்களுட் குறைந்ததைத் தெரிதல் அறிவுடைமை.

ஓசையும் அவ்வாறே. 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கேட்கலாம் என்பது அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகத்தின் கணிப்பு. மூன்று டெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடமே எல்லை. பெருவாள்களின் ஓசை இயக்குபவரின் காதில் நூறைத் தாண்டுவது வழமை. காதுக் கவசமின்றி ஒரு தென்னையைத் தறித்து முடிக்குமுன்னரே அன்றைய எல்லை கடந்துவிடும். நாற்பது வயதில் மகளின் மெல்லிய குரல் கேட்காமற் போவது எத்தகைய இழப்பு என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பின்னுதைப்பு

சங்கிலி வாளால் நேரும் விபத்துக்களுள் மிகக் கொடியது பின்னுதைப்பு. பாரின் நுனியின் மேற்பாதி ஒரு கொப்பிலோ கட்டையிலோ பட்டால், ஓடிக்கொண்டிருக்குஞ் சங்கிலி அவ்விடத்திற் பற்றிக்கொள்ளும். வாள் முழுவதும் மேல்நோக்கிப் பின்புறமாக, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். சங்கிலி விநாடிக்கு 20 மீற்றருக்கு மேலான வேகத்தில் ஓடுகின்றது. அது மணிக்கு 72 கிலோமீற்றராகும். எகிறுவது கண்ணிமைக்கும் நேரத்தினுள் நிகழ்வதால், 'கவனமாக இருப்பேன்' என்ற உறுதி அங்கு உதவாது. பார் நீளும்போது அதன் நுனி கண்ணுக்கு எட்டாத் தூரத்தில், மரத்தின் மறுபுறத்தில் எதையோ தொட்டுக்கொண்டிருக்கும் என்பதையும் நினைக்க.

ஆதலால், தெரிவு செய்யும் வாளிற் பின்வருவன இருத்தல் இன்றியமையாதது. முன்பிடிக்கு முன்னால் நிற்குங் கைக்காப்புடன் இணைந்த சங்கிலி பிறேக். அது கை பட்டாலும் உதைப்பின் விசையாலும் தானே விழுந்து சங்கிலியை நிறுத்தவல்லதாக இருத்தல் வேண்டும். அறுந்த சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங் கொளுக்கி. பின்பிடியின் கீழ் வலக்கையைக் காக்கும் அகன்ற தட்டு. உள்ளங்கை அழுத்தினாலன்றி விசை அழுந்தாதபடி தடுக்கும் பூட்டு. அதிர்வைத் தணிக்கும் வில்லுகளோ இறப்பர்த் துண்டுகளோ. பழைய வாள்களில் இவை கழன்றும் உடைந்தும் இருப்பதைக் காண்கின்றோம். 'இல்லாமலும் வேலை செய்யும்' என்று விற்பவர் கூறுவார். வாள் வேலை செய்யும். ஆளின் கதிதான் கேள்வி.

வாளுக்கு வெளியேயுள்ள காவலும் வேண்டும். மரந்தறிப்போர் அணியுங் காற்சட்டையினுள் நீண்ட நார்கள் பல படைகளாக வைக்கப்பட்டுள்ளன. சங்கிலி துணியைக் கிழித்ததும் அந்நார்கள் இழுபட்டுப் பற்சில்லிற் சுற்றிச் சங்கிலியை நிறுத்திவிடும். சாரத்தை மடித்துக் கட்டி, செருப்புடன் நின்று பெருவாளை ஓட்டுவோரை நம் ஊரில் நாள்தோறும் காண்கின்றோம். வாளின் விலையைச் சேர்க்கும்போதே காற்சட்டை, முனையில் உருக்குப் பதித்த சப்பாத்து, முகவலையும் காதுக் கவசமும் பூட்டிய தலைக்கவசம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அவற்றுக்குப் பணம் போதாதெனில் வாளின் அளவை ஒருபடி குறைத்துக்கொள்க; கவசத்தைக் குறைக்கவேண்டாம்.

பெருவாளை மரத்தின்மேற் கொண்டேறுதல் தகாது. தோளுக்கு மேல் உயர்த்தி வெட்டுதலும் ஏணியில் நின்று வெட்டுதலும் ஆகா. கொப்புக் கழிப்பதற்கு இலகுவான சிறு வாள்கள் வேறாக உண்டு. அவற்றையும் கயிறும் இடைவாருங் கட்டிப் பயின்றவரே கையாளுதல் வேண்டும். பெருவாளுக்கு இடம் நிலமே.

அரமும் எண்ணெயும்

மழுங்கிய 120 கனசென்ரிமீற்றர் வாளினுங் கூரிய 70 கனசென்ரிமீற்றர் வாள் விரைவாக அறுக்கும். கூரிய பல் மரத்தைச் சீவலாகத் தள்ளும்; மழுங்கிய பல் மாவாகத் தள்ளும். மாவைக் கண்டதும் வேலையை நிறுத்தி அரத்தை எடுத்தல் வேண்டும். சங்கிலியின் பருமனுக்கேற்ப உருண்டை அரத்தின் பருமனும் வேறுபடும். பெருவாள்களிற் பெரும்பாலும் வழங்குவன இரண்டு வகைச் சங்கிலிகள். எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீற்றர் அரமும், மிகப் பெரிய வாள்களுக்குரிய 0.404 அங்குலச் சங்கிலிக்கு 5.5 மில்லிமீற்றர் அரமும் பொருந்தும். வாங்கும் இடத்திலேயே, எந்த அரம், எந்தச் சாய்வு என்று கேட்டறிந்து, ஒருமுறை தீட்டியுங் காட்டச்செய்க. காட்டத் தெரியாத கடையில் வாங்காதிருப்பதே மேல்.

இவ்வெஞ்சின்களின் பெற்றோலுடன் எண்ணெய் கலத்தல் வேண்டும். பெரும்பாலான நல்ல வாள்களுக்கு 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய். அதாவது, 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர். கலவாத வெறும் பெற்றோல் எஞ்சினைச் சிறிது நேரத்திற் பற்றிப் பிடித்துப் பயனற்றதாக்கிவிடும். சங்கிலிக்கு வேறு எண்ணெய் வேண்டும். வாகனத்தில் வடித்தெடுத்த பழைய எஞ்சின் எண்ணெயை அதற்கு ஊற்றுவது நம்மிடையே மலிந்த வழக்கம். அது எண்ணெய்ப் பம்பியை அடைப்பதோடு, அதிலுள்ள நஞ்சு தோலுக்கும் தீங்கு செய்கின்றது; நீண்ட காலம் படின் தோற் புற்றுக்கும் ஏதுவாகும். வீட்டுப் பெண்கள் அவ்வெண்ணெய் தோய்ந்த உடைகளைத் தோய்க்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடையிற் பார்க்கவேண்டியவை

பெயர்பெற்ற வாள்களின் தோற்றத்தையும் நிறத்தையும் பின்பற்றிய போலிகள் சந்தையில் உலாவுகின்றன. விலை மிகக் குறைந்திருந்தால் ஐயுறுக. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் தொடரிலக்கத்தைக் காட்டி விசாரித்தல் எளிய வழி. அதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. இவ்வாளுக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? பழுதுபார்ப்பவர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கின்றார்? மிகச் சிறந்த வாளாயினும், சிறு துண்டொன்றுக்காக மூன்று கிழமை மூலையிற் கிடந்தால், அடைவுக்கு வட்டி மட்டுமே வளரும்.

பழைய வாளை வாங்குவோர் அதனை முடுக்கிப் பார்க்க. விசையை விட்டபின் எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது சங்கிலி அசையாது நிற்றல் வேண்டும். பிறேக்கை இட்டு விசையை ஒரு கணம் அழுத்தியபோதும் அது அசைதல் ஆகாது. பாரின் இரு ஓரங்களும் சமமாகத் தேய்ந்துள்ளனவா, பற்களில் தீட்டுவதற்கு மிச்சம் உண்டா, பிடிகளில் வெடிப்பு உண்டா என்பவற்றையும் நோக்குக. பின்னர், பாருடன் வாளை இடுப்பளவில் ஐந்து நிமிடம் பிடித்து நிற்க. கை நடுங்கினால் அது உம்முடைய வாளன்று.

சட்டத்தையும் அறிந்துகொள்க. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுக்கின்றது. 2019இல் அரசாங்கஞ் சங்கிலி வாள் வைத்திருப்போரைப் பதிவு செய்யுமாறு பணித்தது. எனவே, பணத்தைக் கட்டுமுன், வாளை வைத்திருப்பதற்கு இப்பொழுதுள்ள விதி யாது எனப் பொலிஸ் நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டறிதல் நலம். மின்கம்பிக்கு அண்மையிலுள்ள மரத்தை, மின்சாரத்துறையினர் மின்னை நிறுத்தாமல் எவரும் தொடுதல் ஆகாது.

வாள் வாங்கவிருக்கும் மகனிடமோ கணவனிடமோ வீட்டார் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். நீ தறிக்கும் மரங்களின் விட்டம் என்ன? நிறைந்த பெற்றோலுடன் இவ்வாளின் நிறை என்ன? பழுதுபட்டால் யாரிடங் கொண்டுபோவாய்? கவசங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினாய்? இந்நான்குக்கும் விடை சொல்லத் தெரிந்தவன் கையில் எந்த வாளும் நல்ல வாளாகும். விடை தெரியாதவனுக்காக நகையை அடைவு வைக்கவேண்டாம். விடை அறிந்து வரும்வரை பொறுத்திருங்கள். தறிக்கவேண்டிய மரம் இன்னுஞ் சில நாட்கள் நிற்கும். தறிக்கப்போனவன் மாலையில் முழு உடலுடன் வீடு திரும்புதலே குடும்பத்துக்கு வேண்டுவது.